பின்பக்கம் திறக்கும் கதவு

சமயநல்லூர் வீட்டு வாசலில் பச்சை மோரிஸும் வெள்ளை பியட்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்று உறுமுகின்றன. மதிய வெயில் இரண்டு பானெட்டிலும் தகிக்கிறது. "காதால கேளுங்க சார். மோரிஸ் தையல் மிஷினாட்டம் ஓடுது, பியட்டு இருமுது. பியட்டக் குடுத்துருவோம்," என்கிறார் மெக்கானிக் அழகுபாண்டி. ரோட்டை அகலப்படுத்தியதில் வீட்டுக் கார் ஷெட் பாதியாகிவிட்டது, இனி ஒரு வண்டிக்குத்தான் இடம். வாதத்தில் இடதுகால் விழுந்துபோன ஆசீர்வாதம் வாத்தியார் நாற்காலியில் இருந்தபடி தலையாட்டுகிறார். "எதுக்கும் ஏறிப் பாத்துருவோம்." மனைவி மரியம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தோளைக் கொடுக்கிறாள். வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குப் போகையில் செய்வதுதான். மோரிஸின் கதவிடுக்கில் அவர் முழங்கால் முட்டுகிறது, மொத்தப் பாரமும் அவள் மேல் சரிகிறது, ஏற்றி இறக்குவதற்குள் அவளுக்கு மூச்சு வாங்குகிறது. பியட்டின் முன்கதவு அந்தக் காலத்து மாதிரி, கீல் பின்பக்கம். அகலத் திறந்ததும் அவர் முதுகைத் திருப்பி அப்படியே உட்கார்ந்துவிடுகிறார். அவள் காலை மட்டும் எடுத்து உள்ளே வைக்கிறாள். அவர் கொஞ்ச நேரம் அவள் கையையே பார்க்கிறார். "இதுதான் சுளுவுன்னு ஒனக்கு எப்பத் தெரியும்?" "மொத நாளே." "சொல்லிருக்கலாம்ல." "நீங்க இஞ்சினப் பத்தித்தான பேசுனீங்க." ஆசீர்வாதம் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். "அழகுபாண்டி, மோரிஸ ஆஃப் பண்ணு." பியட் மட்டும் இருமிக்கொண்டிருக்கிறது. மரியம்மாள் கதவைச் சாத்தவில்லை, அதன்மேல் சாய்ந்து நிற்கிறாள்.