கோழிக்கூட்டுக்குக் கங்கு

மழை ஓய்ந்தும் ஆமத்தூரில் கூதல் விடவில்லை. கோழிக்கூட்டில் ஒரு குஞ்சு தலை தொங்கிக் கிடந்தது. வள்ளித்தாய் மஞ்சளும் சின்ன வெங்காயமும் அரைத்து ஊட்டிப் பார்த்தாள், தேறவில்லை. வீட்டுக்குள் கொண்டுவந்தால் மகள் சினேகாவுக்குச் சீக்கு தொற்றிவிடுமோ என்று பயம். கூட்டருகே வைக்கலாமென்று சட்டியில் அடுப்புக் கங்கு அள்ளினாள்.

"கூட்டுப் பக்கம் போகாத," என்றான் புருஷன் ஊர்க்காவலன்.

"சூடு காட்டலேன்னா செத்துரும்."

"செத்தா சாகட்டும்."

வாயில்லாச் சீவன்மேல் இம்புட்டு வன்மமா? அவள் நிற்கவில்லை. கூட்டின் முன்னால் சட்டியை இறக்கப் போனபோது, ஒரு குடம் தண்ணீர் அவள்மீதும் கங்கின்மீதும் சேர்ந்து கொட்டியது.

"நீங்க மனுசன்தானா?"

அவன் கூட்டுக்குள்ளிருந்த வைக்கோலை விலக்கினான். அடியில் பட்டாசுக்கான கருந்திரி, கட்டுக் கட்டாக.

"ரெய்டு வருது, வீட்டுல வச்சிருன்னு கம்பெனியில குடுத்தாக."

வள்ளித்தாய் குஞ்சைத் தூக்கிப் பார்த்தாள். அலகெல்லாம் திரியின் கருமருந்து.

"இங்கன மட்டுந்தானா?"

ஊர்க்காவலன் பார்வை வாசல் வழியாக, சினேகா தூங்கும் கட்டிலுக்குப் போனது. அதன் அடியில், சற்றுமுன் வள்ளித்தாய் கொளுத்தி வைத்த கொசுவத்தி புகைந்துகொண்டிருந்தது.