மிதிக்கிறப்போ இழு, அடிக்கிறப்போ விடு

"ஒண்ணு, ரெண்டுன்னு எண்ண மட்டும் சொல்லாதம்மா. எண்ணினா எம்புள்ளையோட வயசுல வந்து நின்னுடுது. அதுக்கு மேல போவ மாட்டேங்குது."

வடிவாம்பாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பாயில் உட்கார்ந்திருந்தாள். எதிரில் நர்ஸ் சுகாசினி. வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்ப்பது அவள் வேலை. முசரவாக்கத்திலிருந்து ஸ்கூட்டியில் வருகிறவள், பிள்ளையார்பாளையத்தில் இந்த வீட்டுக்கு வந்தால் மட்டும் சீக்கிரம் கிளம்ப மாட்டாள்.

ஒரே மகன் சிவபாலன் வாலாஜாபாத் ரோட்டில் லாரி மோதிப் போனதிலிருந்து வடிவாம்பாளுக்கு இந்த மூச்சுத் திணறல். ஆஸ்பத்திரியில் எடுக்காத படமில்லை. நுரையீரல் நன்றாக இருக்கிறது, இதயம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். நன்றாக இருந்து என்ன பிரயோசனம்? பெற்றவளுக்கு மூச்சு வரவில்லையே! மருந்து வேண்டாம், மூச்சைக் கவனித்து இழுத்து விடப் பழகட்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார்.

"சரிக்கா, எண்ண வேணாம். வயித்து மேல கைய வை. மூக்கால இழு... வாயால மெதுவா விடு. மனசு வேற எங்கயும் போவக் கூடாது, மூச்சு மேலயே இருக்கணும்."

"எங்க இருக்குது? உள்ள கேக்குது பாரு, அங்க ஓடிடுது."

உள்ளறையிலிருந்து தறிச் சத்தம் வந்துகொண்டிருந்தது. வடிவாம்பாளின் கணவர் உமாபதி காலையில் தறிக்குழியில் இறங்கினால் மதியம் வரைக்கும் அந்தச் சத்தம் ஓயாது.

"காரியம் முடிஞ்ச மறுநாளே தறியில உக்காந்துட்டாரு அந்த மனுசன். கல்லு நெஞ்சும்மா!"

"வயித்துப் பாட்டுக்கு நெய்யணும் இல்லக்கா?"

"நெய்யட்டும், யாரு வேணாம்னா? ஆனா கரைய வேற நூல்ல கோத்து நெய்யுற கோர்வை சேலைய தனியாளா நெய்ய முடியாது. கரைக்கு நாடா போட பக்கத்துல ஒருத்தர் உக்காரணும். எம்புள்ள பள்ளிக்கூடம் போற காலத்துலருந்து உக்காந்த எடம் அது. இப்ப அங்க எவனையோ உக்கார வெச்சுக்கினு இருக்காரு. பின்கதவு வழியா வந்துட்டுப் போறான் போல. என் கண்ணுல பட்டா தொடப்பக்கட்ட பிஞ்சிடும்னு பயம்!"

"நீ உள்ள போயி பாத்தியா?"

"அந்த ரூம்ல நான் கால் வெப்பேனா? அவரோட பேச்சையே நிறுத்திட்டேன். சோத்தைப் போட்டு மூடி வெச்சிடுவேன். துன்னா துன்னட்டும்."

"எந்த நேரத்துலக்கா ரொம்ப முடியாம போவுது?"

"மதியத்துக்கு மேலதான். அவரு வெளிய போனப்புறம் வூடே வெறிச்சுனு ஆயிடுது..."

பேசும்போதே மூச்சு முட்டியது. வாயைத் திறந்து திறந்து மூடினாள். சுகாசினி பதறிப்போய் அவள் முதுகைத் தடவினாள். எண்ணச் சொன்னால் மகன் வயதில் நிற்கிறாள், கண்ணை மூடச் சொன்னால் மகன் முகம் வருகிறது என்கிறாள். எதைப் பிடித்துக்கொள்ளச் சொல்வது இவளை?

அப்போதுதான் உள்ளே கேட்ட சத்தத்தைச் சுகாசினி கவனித்தாள். கால் மிதிக்கும் ஓசை, ஓர் இடைவெளி, பிறகு தொப்பென்று அச்சுப்பலகை அடிக்கும் ஓசை. நிதானமாக, ஒரே சீராக.

"அக்கா, தறி சத்தத்தைக் கேளு. மிதிக்கிறப்போ இழு. அடிக்கிறப்போ விடு."

"அந்த ஆளு... சத்தத்துக்கா?"

"ஆளை விடுக்கா, சத்தத்தை மட்டும் புடிச்சுக்கோ. ஆங், இப்ப இழு... இப்ப விடு."

வேண்டாவெறுப்பாகத்தான் ஆரம்பித்தாள். இழுத்தாள், விட்டாள். மறுபடி இழுத்தாள். கொஞ்ச நேரத்தில் தூக்கியிருந்த தோள்கள் இறங்கின. முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். மூடிய கண்ணிலிருந்து நீர் வழிந்தது. ஆனால் மூச்சு சீராகிவிட்டது.

சுகாசினிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இதே வேகத்தில் நெய்யுங்கள் என்று அவரிடம் சொல்லிவிட்டு வரலாம் என எழுந்தாள்.

"போறதுதான் போற, அந்த எடத்துல யாரு உக்காந்துக்கினு இருக்கான்னு பாத்துட்டு வா," என்றாள் வடிவாம்பாள், கண்ணைத் திறக்காமலே.

கதவைத் திறந்து உள்ளே போன சுகாசினி அப்படியே நின்றுவிட்டாள்.

உமாபதிக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. தறியில் சேலையும் இல்லை. ஒரு இழை நூல்கூட இல்லாத வெறும் தறியை அவர் மிதித்துக்கொண்டும் அடித்துக்கொண்டும் இருந்தார். மரத்தோடு மரம் மோதினால் அது வெறும் தறி என்று நெசவுக்காரியான வடிவாம்பாளுக்குத் தெரிந்துவிடும் என்று பலகையில் பழைய துண்டைச் சுற்றிக் கட்டியிருந்தார்.

"அண்ணா... என்ன இது?"

"மெதுவா பேசும்மா." அவர் கை நிற்கவில்லை. "அவன் போனப்புறம் நூலைத் தொடவே முடியல. சேலை நெய்யக் குடுத்த பாவு நூலை முதலாளிகிட்டயே திருப்பிக் குடுத்துட்டேன். மதியத்துக்கு மேல மார்க்கெட்ல மூட்டை தூக்குறேன். இந்தத் தறியப் பிரிச்சிடலாம்னுதான் காரியம் முடிஞ்ச மறுநாள் உக்காந்தேன். பலகைய அசைச்சேன், அந்தப் பக்கம் மூச்சு முட்டிக்கினு இருந்தவளுக்கு அடங்கிச்சு. நிறுத்தினேன், மறுபடியும் முட்டிச்சு. அதுலருந்து பிரிக்கல."

சுகாசினி கதவுப் பக்கம் திரும்பினாள். "அக்கா உங்களை கல்லு நெஞ்சுன்றாங்கண்ணா. புள்ள எடத்துல வேற ஆளை உக்கார வெச்சுட்டீங்கன்னு திட்டறாங்க. நான் போயி உண்மையைச் சொல்லிடறேன்."

உமாபதி அவசரமாகத் தலையை ஆட்டினார். கால் மிதித்துக்கொண்டே இருந்தது.

"வேணாம்மா. திட்டட்டும். திட்டறதுக்காவது அவளுக்கு மூச்சு வருதே!"