இடுக்கியின் பிடி

மலைக்குப் போகும் டாக்டரம்மாவின் பையில் கத்திக்குத்தான் வாய் அதிகம். "கவ்விக்கொண்டு சும்மா கிடப்பதெல்லாம் ஒரு வேலையா?" என்று இடுக்கியைச் சீண்டும்.

ஒருநாள் தேனெடுக்கப் போன மாதன் பாறையில் விழுந்து தொடையைக் கிழித்துக்கொண்டார். அறுந்த ரத்தக் குழாயை இடுக்கி கவ்வியது. பீய்ச்சிய ரத்தம் நின்றது. கத்தியும் கத்தரியும் பைக்குத் திரும்பின. இடுக்கி மட்டும் மாதனோடு ஜீப்பில் ஏறியது. பெரிய ஆஸ்பத்திரிக்கு நான்கு மணி நேரம், குண்டும் குழியுமான பாதை.

இரண்டு மாதம் கழித்து மாதன் நடந்தே வந்து, "இது உங்க சாமான், டாக்டரம்மா" என்று இடுக்கியை நீட்டினார்.

பைக்குள் கத்தியின் குரல் தணிந்திருந்தது. "அவ்வளவு நேரம் எப்படி விடாமல் பிடித்திருந்தாய்?"

"மாதனின் மனைவி வழியெல்லாம் அவர் கையைப் பிடித்திருந்தார். அந்த அம்மா விட்டதும் நானும் விடலாமென்று இருந்தேன். அந்த அம்மா விடவே இல்லை."