மாதிரி காட்டாத டிசைனர்

நசீமா தன் தங்க வளையல்களை விற்று ஆரம்பிக்கும் பேக்கரி அது. போர்டு, பெட்டி, லோகோ எல்லாம் வரைந்து தர வந்த மூன்றாவது டிசைனர் ஷைனி. மற்ற இருவரைப் போல அவள் மாதிரி எதுவும் கொண்டுவரவில்லை.

"எதைப் பார்த்து மோளே உன்னை நம்புறது?" என்றார் நசீமாவின் கணவர் ஷம்சு.

"தலச்சேரி பஜார்ல உங்களுக்குப் பிடிச்ச போர்டு எதுன்னு பார்த்து வைங்க இக்கா. நாளைக்கு வர்றேன்."

அவள் போனதும் ஷம்சு சிரித்தார். "கள்ளி! அதையே காப்பியடிக்கப் போறா."

இருந்தும் இருவரும் பஜாரைச் சுற்றினார்கள். தையல்கடை எழுத்து ஊசி நூல் போல மெலிந்திருந்தது. மீன்கடை போர்டு தூரத்திலிருந்தே கூவி அழைத்தது. மருந்துக்கடையுடையது பதறாமல் நின்றது. மொத்தம் ஏழு பிடித்தன. எதுவும் இன்னொன்றின் சாயலில் இல்லை.

"இதையெல்லாம் வரைஞ்ச ஏழு பேர்ல யாரைக் கூப்பிடலாம் இக்கா?" என்றாள் நசீமா.

ஷம்சு ஒவ்வொரு கடையாக ஏறி விசாரித்து வந்தார். குரல் தாழ்ந்திருந்தது.

"ஏழு பேர் இல்ல நசீமா. எல்லாக் கடையிலயும் ஒரே பேருதான் சொல்றாங்க. ஷைனி! ஒவ்வொரு கடையிலயும் ஒரு நாள் முழுக்கச் சும்மா உட்கார்ந்து பார்த்துட்டுத்தான் வரைஞ்சாளாம்."

நசீமா திரும்பி, அந்தத் தெருவை முதலிலிருந்து மறுபடி பார்த்தாள்.