பெடல் நடுக்கம்

“பிரேக்கை மிதிச்சா பெடல் நடுங்குது மாப்ளே. பேத்தியை ஸ்கூல்ல விடப் பயமா இருக்கு.”

மாமனார் அந்தப் பழைய காரோடு மூன்றாம் முறையாக வந்திருந்தார். வீல் சென்சார் மாற்றியாயிற்று, ஒயர்களையும் பார்த்தாயிற்று. மெக்கானிக் மருமகனுக்கு அலுத்துவிட்டது. மாமனார் வண்டி என்றால் பழுதுக்கும் மரியாதை கொடுத்தாக வேண்டும்.

“பிரேக்கோட ஏபிஎஸ் சிஸ்டம் நல்லாத்தான் இருக்கு மாமா. நான் ஓட்டினா நடுங்கலையே!”

“அப்ப நான் பொய் சொல்றேனா?”

“சரி, நீங்களே ஓட்டுங்க” என்று பக்கத்தில் உட்கார்ந்தான்.

பிரேக் போட்டதும் வண்டி நின்றது. பெடலிலிருந்து எடுத்த பிறகும் அவர் கால் நடுங்கிக்கொண்டே இருந்தது.

‘அப்பாவை டாக்டர்கிட்ட காட்டணும்’ என்று மனைவிக்குச் செய்தி அனுப்பிவிட்டு, சாவியை வாங்கிக்கொண்டான்.

“ஏபிஎஸ்தான் மாமா. பார்ட் கிடைக்க மாசக்கணக்காகும். பாப்பாவை நான் விடுறேன்.”

“இதைக் கண்டுபிடிக்க மூணு தடவையா மாப்ளே?” மாமனார் நிம்மதியாகச் சலித்துக்கொண்டார்.

“ஆமா மாமா. நான்தான் சரியாப் பாக்கலை.”