வலக்கைப் பக்கம்

வெளியிலிருந்து யாரும் வந்து கொல்வதில்லை, அந்தச் செல் தன்னைத்தானே முடித்துக்கொள்கிறது என்றார் டாக்டர் சிவரஞ்சனி.

மொக்கச்சாமி முதுகு சாயாமல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

பேத்தி முத்துப்பிரியாவுக்குக் கண் மங்கிக்கொண்டே வந்தது. கரும்பலகை தெரியவில்லை என்று ஆரம்பித்தது, இப்போது பாடப் புத்தகத்தை மூக்கோடு ஒட்டி வைத்துப் படிக்கிறாள். மதுரைக்கு அனுப்பிய அவளுடைய ரத்தத்தின் முடிவு வந்துவிட்டது என்று போடியில் உள்ள கண் மருத்துவமனையிலிருந்து கூப்பிட்டிருந்தார்கள்.

மகன் பாண்டியராஜ் குரங்கணிக்கு மேலே ஏலத்தோட்டத்தில் காயெடுப்பில் இருந்தான். நீ இறங்கி வர வேண்டாம், நான் கேட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார்.

மருமகள் தேவி சிலமலையிலிருந்து பஸ்சில் வந்திருந்தாள்.

அவளைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பியவர் அவர்தான். சொந்தபந்தம் எல்லாம் கூடியிருந்த சபையில், எங்கள் வம்சத்தில் கண்ணுக்குக் குறை கிடையாது, இது பெண்ணெடுத்த இடத்துக் குறை என்று சொன்னார். டாக்டர் வாயால் அது உறுதியாகட்டும், உறவை முறித்துக்கொள்வோம், பிள்ளை எங்களோடு இருக்கும் என்றும் சொன்னார்.

பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாக இருந்தும் தேவி அவருக்குப் பின்னால்தான் நின்றாள்.

டாக்டர் ஒரு தாளில் வட்டம் போட்டுக் காட்டினார். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் அதற்கு வேண்டிய சக்தியைத் தயாரிக்கிற சின்னச் சின்ன உறைகள் உண்டு. மைட்டோகாண்ட்ரியா என்று பெயர். அதன் உள்சுவர் மடிப்பு மடிப்பாக இருக்கும். அந்த மடிப்புகளின் வாயை இறுக்கிப் பிடித்திருப்பது ஒரு புரதம். பிடி தளர்ந்தால், உள்ளே ஒழுங்காக வேலை பார்த்துக்கொண்டிருந்த இன்னொரு புரதம் வெளியே கசிந்துவிடும். உள்ளே இருக்கும்வரை அது உயிரைக் காக்கிற பொருள். வெளியே வந்துவிட்டால் அதுவே சாவுக்கு உத்தரவு. கண்ணிலிருந்து மூளைக்குப் போகிற நரம்பில் முத்துப்பிரியாவுக்கு இப்படித்தான் செல்கள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கின்றன.

மொக்கச்சாமிக்குப் பாதிதான் விளங்கியது. வெளியே கசியக் கூடாதது கசிந்தால் சாவு என்பது மட்டும் நன்றாக விளங்கியது.

பிடித்து வைக்கிற அந்தப் புரதத்தின் குறை தாய் வழியிலும் வரலாம், தகப்பன் வழியிலும் வரலாம் என்றார் டாக்டர். ஒரே குடும்பத்தில் ஒருவருக்குப் பார்வை வெகுவாகக் குறையும். இன்னொருவருக்கு நிறம் மட்டும் குழம்பும், அவர் அதை யாருக்கும் காட்டாமல் ஆயுசை ஓட்டிவிடுவார். எந்தப் பக்கம் என்று தெரிந்தால் அந்தப் பக்கத்துப் பிள்ளைகளையும் இப்போதே பார்த்துவிடலாம்.

"எங்க பக்கம் பாக்கவே வேணாம் தாயி. போடி மார்க்கெட்டுல எந்த யாவாரியையும் கேளுங்க. ஏலக்காயோட பச்சையப் பாத்து நான் சொன்ன தரத்த இன்னைக்கு வரைக்கும் ஒருத்தன் மறுத்ததில்ல."

அப்படியென்றால் சோலி சுலபம் என்று டாக்டர் சிரித்தார். ஒரு பெட்டியைத் திறந்து, பொத்தான் அளவில் இரண்டு வில்லைகளை எடுத்து வெள்ளைத் தாளின் மேல் வைத்தார்.

"இதுல பச்சை எதுங்கய்யா?"

மொக்கச்சாமி குனிந்து பார்த்தார். இரண்டும் ஒரே நிறத்தில் இருந்தன. டியூப்லைட் சரியில்லை என்று சொல்லலாமா என்று யோசித்தார்.

"வலக்கைப் பக்கம், மாமா."

பின்னாலிருந்து மூச்சுவிடுவதைப் போல வந்தது அந்தக் குரல். மின்விசிறி கடகடத்த சத்தத்தில் அது டாக்டருக்கு எட்டவில்லை.

வலக்கைப் பக்கம் என்றார் மொக்கச்சாமி கணீரென்று.

டாக்டர் வேறு இரண்டு வைத்தார். இடக்கை என்றது குரல். இடக்கை என்றார் அவர்.

யோசித்துச் சொன்னதல்ல. வாய் தானாகச் சொன்னது. தரம் பிரிக்கிற கொட்டகையில், மனைவி சோலையம்மாள் உயிரோடு இருந்தவரை அவள்தான் அவர் தோளுக்குப் பின்னால் நின்று சொல்வாள். நல்ல பச்சை எந்தக் குவியல், வெளுத்த காய் எந்தக் குவியல் என்று அவள் முணுமுணுக்க, அவர் ஊருக்கே கேட்கும்படி சொல்வார். அவள் போய்ச் சேர்ந்து காரியம் முடிந்ததும், யாரும் ஏவாமல் மருமகள் வந்து அதே இடத்தில் நின்றாள். குரல்தான் மாறியது. உனக்கு எப்படித் தெரியும் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. அவளும் அதைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை. பெரிய மனிதன் பின்னால் வீட்டுப் பெண் நிற்பது முறைதானே என்று அவர் தனக்கே சொல்லி வைத்திருந்தார்.

சபையில் அவள் வம்சத்தை அவர் வாய்க்கு வந்தபடி பேசிய அன்றும் அவள் பின்னால்தான் நின்றாள். அவர் கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை.

உங்கள் கண்ணில் குறை தெரியவில்லை ஐயா, முதலில் அம்மா பக்கத்தைப் பார்ப்போம் என்று சொல்லிக்கொண்டே டாக்டர் எழுத ஆரம்பித்தார்.

சபைக்கு இந்த ஒரு வரி போதும். அது தேவிக்கும் தெரியும். தெரிந்தேதான் சொல்லிக் கொடுத்தாளா, பழக்கத்தில் வந்துவிட்டதா? அவர் எந்த முகத்தோடு திரும்பி அதைக் கேட்பார்? இடுப்பு வேட்டி நழுவி நாலு பேர் நடுவில் நிற்பவரைப் போல அவருக்குக் கூசியது.

தேவி பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். சிலமலை பஸ்சுக்கு நேரமாகிவிட்டது, வர்றேன் மாமா என்றாள். அந்தக் குரலில் கோபம் இருந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

மொக்கச்சாமி டாக்டரின் பேனாவுக்கு முன்னால் கையை நீட்டித் தடுத்தார்.

"மருமகள வெளிய நிக்கச் சொல்லிட்டு, அந்த வில்லைகள இன்னொரு தடவ வைங்க தாயி."