இரவல் போன்

அன்று காலை பூங்காவில் அந்தப் பெஞ்சைச் சுற்றி இருந்தவர்கள் ஐந்து பேர். பெஞ்சில் மூன்று பேர்: ஓய்வுபெற்ற லிஃப்ட் ஆப்பரேட்டர், பூட்டுக்காரர், கணக்கு வாத்தியார். எதிரே நடைபாதையில் ஒருவர்: ஓட்டல் சமையல் மாஸ்டர். ஐந்தாவது, மருந்துக் கடையில் போடும் வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் மூச்சிரைக்க ஓடி வந்த பெண். லிஃப்ட்காரரின் மகள்.

ஆண்கள் நால்வரும் மாரடைப்புக்குப் பின் ஒரே ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு வாரப் பயிற்சி முடித்தவர்கள். இனி அவரவரே நடந்துகொள்ள வேண்டும். கூடவே இருந்து கவனிக்க, ஆளுக்கொரு ஆப்பைப் போனில் போட்டு அனுப்பியிருந்தார்கள்.

அந்த ஆப்தான் மகளுக்குத் தகவல் அனுப்பியிருந்தது: 'உங்கள் தந்தை நாற்பது நிமிடத்துக்கு மேல் நடக்கிறார். அளவு இருபது நிமிடம்.'

எங்கே விழுந்து கிடக்கிறாரோ என்று இரண்டு தெருவை ஒரே ஓட்டமாகக் கடந்து வந்தாள். அப்பா கால் மேல் கால் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பின்னாலேயே கோபமும் வந்தது.

"போன் எங்கப்பா?"

சிரிப்பு நின்றது.

"போனா? அது... நடக்குது பாப்பா."

மாஸ்டரின் சட்டைப் பையிலிருந்து எட்டிப் பார்த்தது, அவள் வாங்கித் தந்த நீல உறை போட்ட போன்.

"ஓஹோ, நடக்கிறதுக்கு ஆள் வெச்சாச்சா? நீங்க உக்காந்திருப்பீங்க, போன் மட்டும் உங்க பேர்ல ஊர் சுத்தும். யாரை ஏமாத்துறீங்க? ஆப்பையா, என்னையா?"

"என் இருபது நிமிஷத்தை முடிச்சிட்டேன். சத்தியமா!"

"ஆமாம்மா, முதல் சுத்து உங்கப்பாதான்," என்று பூட்டுக்காரர் சாட்சி சொன்னார். "ரெண்டாவது நான். இப்ப மாஸ்டர். அடுத்தது வாத்தியார்."

"ஒரு போனை நாலு பேரா? இது என்ன வாடகை சைக்கிளா?"

"வாடகை இல்லம்மா, இரவல்," என்று வாத்தியார் பழக்க தோஷத்தில் திருத்தினார்.

"நாலு பேர் நடையும் ஒருத்தர் கணக்குல ஏறினா, ஆஸ்பத்திரி நர்ஸ் எதைப் பார்த்து உங்களுக்கு யோசனை சொல்லுவாங்க? நாளைக்கு அப்பாவுக்கு நிஜமாவே ஏதாவது ஆகி, தகவல் வந்தாலும், 'மாஸ்டர் நடக்கிறார் போல'ன்னு நான் சும்மா இருந்துடுவேனே!"

அப்பா மேலே போட்டிருந்த காலைக் கீழே இறக்கினார்.

"ஆப்னு பேரு வெச்சப்பவே நினைச்சேன், என்னிக்காவது ஆப்பு வைக்கும்னு," என்று பூட்டுக்காரர் முணுமுணுத்தார்.

ஒருவேளை இவர்களிடம் போன் இல்லையோ என்று அவளுக்குத் தோன்றியது. குரல் சற்று இறங்கியது. "உங்ககிட்ட இந்த மாதிரி போன் இல்லையா?"

பூட்டுக்காரர் எடுத்துக் காட்டினார். வாத்தியாரும் காட்டினார். இரண்டிலும் அதே ஆப். மாஸ்டரின் போன் தண்ணீர் பாட்டிலுக்குப் பக்கத்தில் சும்மா கிடந்தது.

இறங்கிய குரல் மறுபடி ஏறியது. "எல்லார்கிட்டயும் இருக்கே! அப்புறம் எங்கப்பா போன் எதுக்கு?"

பூட்டுக்காரர் வாத்தியாரைப் பார்த்தார். வாத்தியார் தரையைப் பார்த்தார்.

அந்த நேரம் மாஸ்டர் பெஞ்சைத் தாண்டினார். சட்டைப் பையிலிருந்து ஒரு பெண் குரல் அதட்டியது:

"அப்பா, முதுகை நிமித்துங்க! போற ரயிலைப் பிடிக்கவா ஓடுறீங்க? மெதுவாப்பா, மெதுவா."

பின்னணியில் ஒரு குக்கர் விசில்.

மாஸ்டர் சட்டென்று முதுகை நிமிர்த்தினார். வேகத்தையும் குறைத்தார்.

அது அவள் குரல். வீட்டார் யாராவது பேசிப் பதிந்து தந்தால் அந்தக் குரலிலேயே பேசுவேன் என்று ஆப் சொன்னதால், சமைத்துக்கொண்டே அவசரமாகப் பேசிப் பதிந்தது.

"எங்க வீட்ல குரல் குடுக்க ஆள் இல்லம்மா," என்றார் பூட்டுக்காரர் மெல்ல. "அதனால எங்க போன்ல மெஷினே பேசுது. 'பயனர் அவர்களே, வேகத்தைக் குறைக்கவும்'னு. சரியாத்தான் சொல்லுது. ஆனா..."

மீதியை வாத்தியார் முடித்தார். "அப்பான்னு கூப்பிட மாட்டேங்குதும்மா."

அவள் கோட்டுப் பையிலிருந்து தன் போனை எடுத்தாள். கடையில் ஒரு மணி நேரம் அனுமதி கேட்டாள். பிறகு பெஞ்சில் உட்கார்ந்து, "குடுங்க உங்க போனை எல்லாம்," என்று கை நீட்டினாள்.

நடை முடித்து வந்த மாஸ்டர் தலையைச் சொறிந்தார். "எனக்கு அம்பதுதாம்மா ஆகுது. அண்ணான்னு வேணா..." கொஞ்சம் யோசித்தார். "வேண்டாம், அப்பான்னே இருக்கட்டும். அந்த விசிலும் வேணும். அதைக் கேட்டாத்தான் எனக்குக் கால் சுறுசுறுப்பா வருது."

"விசிலுக்கு நான் இப்ப எங்க போவேன்?"

"நீ பேசும்மா, விசிலை நான் பாத்துக்கிறேன்," என்று மாஸ்டர் உதட்டைக் குவித்தார்.

ஒவ்வொரு போனிலும் அவள் பேசி முடித்ததும், அப்பா மற்ற மூவரிடமும், "என் பொண்ணு," என்றார், அவர்களுக்குத் தெரியாத செய்தி போல. ஆப் சொல்லாமலேயே அவர் முதுகு நிமிர்ந்திருந்தது.

மறுநாள் காலை, பதிந்தது சரியாகக் கேட்கிறதா என்று பார்க்க அவள் வந்தாள். நான்கு பேர், நான்கு போன், நான்கு கணக்கு. "அப்பா, முதுகை நிமித்துங்க!" என்று நான்கு சட்டைப் பைகளும் ஒன்றன்பின் ஒன்றாக அதட்டின. நான்கு முதுகுகளும் நிமிர்ந்தன.

பெஞ்சில் மீதி இருந்தது ஒரே ஒருத்தி: நான்கு அப்பாக்களின் மகள்.